பேசாத கணவர்கள் வரிசை

“டிகிரி முடிச்சவ சொன்னா ஊரே கேக்கும்னு பாத்தா, ஜப்பான்காரன் நாடகத்தப் பத்திப் பேசிக்கினு இருக்க. நீ சொல்லி எவ பாக்கப் போறா?” என்று பெரியம்மா ஒருநாள் கேட்டார்.

கரியாலூர் தேவி பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

தேவி என் அண்ணனுக்கு நிச்சயித்த பெண். அண்ணன் குட்டியானை ஓட்டுகிறான் (யானை இல்லை, சின்ன லோடு வண்டி). கரியாலூர் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரப் போகும்போதெல்லாம் தேவியின் அப்பா வைத்திருக்கும் டீக்கடையில் நிறுத்துவான். டீ குடிப்பான், காசைக் கொடுப்பான், வண்டியை எடுப்பான். இப்படி வாய் திறக்காமல் டீ குடித்தவனைத் தங்கமான பையன் என்று அவர்களே முடிவு செய்து, ரிஷிவந்தியம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பேச வந்தார்கள். நிச்சயமும் நடந்தது. அதற்குப் பிறகும் அண்ணன் பேசவில்லை. தேவி போன் செய்தால் “ம்” என்பான். ரொம்ப சந்தோஷமாக இருந்தால் “ம்ம்”.

எனவே தேவி என்னோடு பேச ஆரம்பித்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய் ஆங்கில இலக்கியம் வேறு படித்தவள். கல்லூரி கொடுத்த சொற்களிலேயே எனக்குப் பிடித்தது ‘தீம்’. கதைக்கு அடியில் ஓடும் சங்கதி. ஒரே தீம் உள்ள கதைகள் எல்லாம் சொந்தக்காரர்கள் என்று நானே ஒரு கொள்கை வகுத்து வைத்திருந்தேன். ஜப்பான் நாடகம் எதைச் சொன்னாலும், அதன் சித்தப்பா பெரியப்பா வரைக்கும் என்னால் சொல்ல முடியும். (கேட்க ஆள்தான் இல்லை.)

தேவிக்கு முதலில் ஒரு நாடகம் அனுப்பினேன். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண். கணவன் பேசவே மாட்டான். ஆனால் தினமும் அவள் வேலைக்குக் கிளம்புமுன் அவள் செருப்பைத் திருப்பி, வாசலைப் பார்க்க வைப்பான். அவ்வளவுதான் அவன் காதல். தேவி அழுதுகொண்டே போன் செய்தாள். “இதே மாதிரி இன்னும் இருந்தா அனுப்புங்க.”

என்னிடம் போய் ‘இதே மாதிரி’ என்று கேட்டால் விடுவேனா? ‘பேசாத கணவர்கள்’ என்று தலைப்பே போட்டு மூன்று நாடகங்கள் அனுப்பினேன். முதலாவதில் கணவன் பேசாததற்குக் காரணம், வேறு ஊரில் அவனுக்கு இன்னொரு குடும்பம். இரண்டாவதில் அவன் ஒரு கொலையை மறைக்கிறான். மூன்றாவதில் பேசவே வழியில்லை, முதல் காட்சியிலேயே செத்துப்போகிறான். மூன்றுக்கும் தீம் ஒன்று. என் மேதைமையை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன்.

அடுத்த வாரம் ஷேர் ஆட்டோவில் தேவியின் அப்பா, தாய்மாமன், கூடவே தேவி, மூவரும் வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது எங்கள் தெருவுக்குப் புதுசு. எதிர்வீட்டுக்காரர்கள் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தாய்மாமன் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. “தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. மாப்ளய பத்தி நேரா சொல்ல முடியாதத நாத்தனாரு சாடையா சொல்லி அனுப்பிச்சிருக்குது. ஒண்ணு இல்ல, மூணு. எங்க பொண்ணு சோறு துன்னாம கெடக்குது.”

எங்கள் பக்கம் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி வாய்விட்டு ஒரு குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டியிருந்தால் வேறு எவனோ ஒருவனின் கதையாகச் சொல்வோம். கேட்பவர்கள் புரிந்துகொள்வார்கள். நான் அனுப்பியதையும் தேவி அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறாள்.

“இன்னாடி அனுப்பிச்ச?” என்றார் அப்பா.

படித்தவள் அல்லவா, தாய்மாமன் பக்கம் திரும்பி விளக்கினேன். “அது தீம் மாமா. ஆளுங்க வேற வேற, ஆனா அடியில இருக்கறது ஒண்ணுதான்.”

“பாத்தீங்களா! அடியில ஒண்ணு இருக்குதுன்னு அதே சொல்லுது!” என்றார் தாய்மாமன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “மூணாவது முடிச்சு போட வேண்டியவளே, போடறதுக்கு மின்னாடி அவுத்துட்டியேடி!”

அதுவரை தலையைக் குனிந்திருந்த தேவி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்க. வேற பொண்டாட்டி எதுனா இருக்குதா?”

அண்ணன் தூணைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “ஒருத்திகிட்டயே எனக்குப் பேச வரல. ரெண்டு பேருக்கு நான் எங்க போவேன்?”

முதலில் சிரித்தது தேவியின் அப்பா. பிறகு தாய்மாமன் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அவர்கள் சாப்பிட்டுக் கிளம்பும்போது வாசலைப் பார்த்தேன். தேவியின் செருப்பு தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பக்கத்தில் அண்ணன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். நான் நாடகம் பார்க்கும்போதெல்லாம் பின்னால் கட்டிலில் படுத்துத் தூங்குவதுபோல் இருந்தவன்! (கையால் தொடவில்லை, காலால்தான் திருப்பினான். பெரியவர்கள் நிற்கும்போது எங்கள் ஊரில் அவ்வளவுதான் முடியும்.) தேவி செருப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “ம்ம்” என்றாள்.

ஒரு கதை இன்னொரு கதைக்கு என்ன உறவு என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்கு வாழ வரப்போகிற ஒருத்தி, என்ன பயத்தோடு அந்தக் கதையைப் பார்ப்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. அது பாடத்திலும் வரவில்லை, நானாகவும் கேட்கவில்லை.

மூன்றாவது முடிச்சை நான்தான் போட்டேன். இப்போதெல்லாம் அண்ணன் எதற்காவது பதில் சொல்லாமல் நின்றால் அம்மாவே கேட்கிறார்: “இது எத்தினியாவது நாடகம்டா?”

நானும் அண்ணியும் சேர்ந்து போனில் ஒரு சேனல் ஆரம்பித்திருக்கிறோம். எந்த நாடகத்துக்கு எது சொந்தம் என்று நான் சொல்வேன். அதற்கு முன்னால் அண்ணி, “யாரு பாக்கறதுக்கு?” என்று கேட்பாள். முதல் பதிவு வந்ததும் பெரியம்மா போன் செய்தார்.

“எம் பையனுக்குப் பொண்ணு முடிவாயிருக்குதில்ல, மாமியாரு நல்லவளா வர நாடகமா பாத்து அந்தப் பொண்ணுக்கு அனுப்பி வையி. நான் சொன்னன்னு சொல்லாத.”

அனுப்பிவிட்டேன். கடைசிப் பகுதிவரை நானும் அண்ணியும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான்.