குழாயில் கட்டிய முனி

சவுரிராயன் ஒரு முனிக்கு நாற்பத்தேழு ரூபாய் முப்பது நயா பைசா கடன்பட்டிருந்தான்.

ஈட்டிக்காரனிடம் கடன்பட்டவனைப் பார்த்திருக்கிறேன். செட்டியார் கடையில் கடன்பட்டவனைப் பார்த்திருக்கிறேன். முனியிடம் கடன்பட்டவனை விழுப்புரத்தில்தான் பார்த்தேன். வசூலுக்கு முனி நேரில் வராது. அதற்கு ஏஜெண்டு உண்டு. விருத்தாசலம் சாமியார் என்று பெயர். திண்டிவனத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்.

அவர் இறங்கும்போது எங்கள் பம்புசெட் கம்பெனி வாசலைப் பார்க்க வேண்டும். தேர் ஒன்றுதான் குறை. மல்லாட்டை என்னும் வறுத்த வேர்க்கடலைக் கூடை, சர்பத் வண்டி, மஞ்சள் கயிறு விற்க ஒரு பெஞ்சு. பொம்மையார்பாளையத்திலிருந்து வலைக்காரர்கள் வருவார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து வியாபாரிகள் வருவார்கள். பிள்ளை இல்லாதவர்கள், வழக்கில் தோற்றவர்கள், மாடு தொலைத்தவர்கள் எல்லாரும் வருவார்கள். பம்புசெட் தொட்டியில் குடியிருக்கும் முனிக்கும் தொலைந்த மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மாடு கிடைக்காமல் போய்விடுமே.

தொட்டி என்றால் சாதாரணத் தொட்டி அல்ல. ஆளுயரம். அடியில் மருந்து, அதற்கும் கீழே கரண்டு அடுப்பு. மருந்து கொதித்துப் புகையாக எழும்பும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்புச் சாமானைக் கூடையில் வைத்து அந்தப் புகைக்குள் இறக்கினால், பிசுக்கு கழன்று சொட்டிவிடும். தொட்டியின் வாய்க்குச் சற்றுக் கீழே உட்புறமாக ஒரு செப்புக் குழாய் சுற்றி ஓடும். அதில் பச்சைத் தண்ணீர் போகும். புகை அதுவரைக்கும் ஏறி, குளிர்ந்து, துளியாகி மறுபடி அடிக்கே இறங்கும். நான் சாமான் சுமந்து வருவேன், சவுரிராயன் கூடையை இறக்குவான். நாலு வருஷம் அப்படித்தான் நடந்தது.

பிறகு பழைய மருந்து கிடைக்கவில்லை. லைசென்ஸ் தகராறாம். சென்னையிலிருந்து வேறு மருந்து பீப்பாயில் வந்தது. பழையதைவிட இதற்குச் சூடு அதிகம் வேண்டும். புது மருந்தைச் சும்மா ஊற்றலாமா? மேஸ்திரி பாண்டுரங்கன் நல்ல நேரம் பார்த்தார். தொட்டிக்குச் சந்தனம், குங்குமம், பூசணிக்காய். மந்திரம் சொல்லத் திண்டிவனத்திலிருந்து ஆள், இதே விருத்தாசலம் சாமியார். ஆள் வந்ததும் முதலில் முகத்தைச் சுளித்தார். செப்புக் குழாயில் தண்ணீர் களகளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தத்துல மந்திரம் நிக்காது" என்று சொல்லிக் குழாய்த் திருகை அவர் கையாலேயே மூடினார். மூடிய திருகின்மேல் மஞ்சள் கயிற்றைச் சுற்றி, எலுமிச்சம்பழம் கோத்து, ஏழு முடிச்சுப் போட்டார். "இது கட்டு. நான்தான் அவுக்கணும். வேற எவன் கை பட்டாலும் ரத்தம் கக்குவான்" என்றார்.

மறுநாள் காலை சவுரிராயன் தொட்டியருகே மயங்கி விழுந்தான். அடுத்த நாள் இன்னொருவன். மூன்றாம் நாள் மறுபடி சவுரிராயன். ஆளனுப்பிச் சாமியாரை வரவழைத்தார்கள். வந்தார், மூக்கை உறிஞ்சினார், கண்டுபிடித்துவிட்டார். கம்பெனிக்கு இடம் எடுத்தபோது வெட்டிய பனைமரத்தில் இருந்த முனி தொட்டிக்குள் இறங்கிவிட்டதாம். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போய்ப் படித்தவர்கள் செய்த மருந்தில், பனைமரத்து முனி நீச்சல் அடிக்கிறது. முதலாளி அரங்கநாதன் நம்பினார். இலவசமாக நம்பவில்லை. முனியை விரட்ட வெள்ளிதோறும் எடுத்த கழிப்புக்குச் சாமியார் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, விழுந்தவன் கணக்கில் எழுதினார். அதிகம் விழுந்தவன் சவுரிராயன். ஆகவே நாற்பத்தேழு ரூபாய் முப்பது நயா பைசா.

அதோடு விட்டாரா சாமியார்? "முனி தொட்டிய வுட்டு இவன் மேல ஏறிக்கினு இருக்குது. வர்ற வெள்ளிக்குள்ள பாக்கியக் கட்டி, பெரிய கழிப்பு எடுக்கணும். இல்லாட்டி இவன வேலைய வுட்டு நிறுத்திடுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

"மாதா கோயில் தீர்த்தமும் தெளிச்சிப் பாத்தாச்சு அண்ணே. அந்தச் சாமிக்கும் இந்த முனியத் தெரியல போல" என்றான் சவுரிராயன் என்னிடம். சிரிக்கத்தான் பார்த்தான். அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டம் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. போன வாரம் பஸ் ஏறுமுன் மறுபடி மூடிப் போட்டிருந்த கட்டை, சாமியார் வழக்கம்போல அவிழ்த்தார். திருகைத் திறந்து, செப்புக் குழாயைத் தடவித் தீர்த்தம் தெளித்தார். அரைமணி மந்திரம். பிறகு ஒருவனைத் தொட்டிக்கு அருகில் நிற்க வைத்தார். அவன் விழவில்லை. வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமைகளில் யாரும் விழுந்ததே இல்லை. அதுதான் அற்புதம்.

அப்போது சவுரிராயன் மனைவி சவுரியம்மாள் இடுப்பில் நிறைகுடத்தோடு உள்ளே வந்தாள்.

"ஏன் சாமி, உங்க முனி குளிக்கிற நாளு வெள்ளிக்கிழமைங்களா?"

சாமியார் கண்ணைத் திறந்தார். "யாரு இவ?"

"நாப்பத்தேழு ரூவா முப்பது பைசாங்க. சவுரிராயன் பொஞ்சாதி."

"பொம்பளைக்கு இங்க இன்னா வேல?"

"தண்ணி வேலதாங்க. தொட்டியச் சுத்திக்கினு வர்ற வெந்நி, பின்னால மதிலுக்கு அந்தாண்ட கொட்டும். எங்க தெரு பொம்பளைங்க நாலு வருசமா அதுலதான் துணி தொவைக்கிறோம். மருந்து மாத்தினதுலருந்து சொட்டு வரல. நீங்க வந்தா கொட்டுது. நீங்க பஸ் ஏறினா நின்னுபோவுது. ஏன்னு கேக்க வந்தேன்."

"முனி அடங்கினா கங்கை வரும். அடங்காட்டி வராது."

"சரிங்க. தண்ணி ஓடறப்போ எங்க வூட்டுக்காரரு ஒருநாளாச்சும் வுழுந்தாரா?"

பாண்டுரங்கன் மேஸ்திரி, ஆள் விழுந்த நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"அது என் மந்திர பலம்" என்றார் சாமியார்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. தண்ணிய மூடிட்டு மந்திரம் சொல்லுங்க. தொட்டியாண்ட நீங்களே நில்லுங்க. ஒரு வெத்தல மென்னு துப்பற நேரம் போதும். நீங்க அசையலன்னா, இந்தக் கம்மல வித்து பாக்கியக் கட்டிட்டு நாங்களே ஊர வுட்டுப் போயிடறோம்."

முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு எவ்ளோ செலவாவும்?"

"ஒண்ணும் இல்லீங்க மொதலாளி."

"அப்ப பண்ணிப் பாக்கலாமே."

சாமியார் பையை எடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவரை மறித்தது சவுரியம்மாள் அல்ல, நானும் அல்ல. முதல் பக்தர் பாண்டுரங்கன் மேஸ்திரி. கை கூப்பி, கண் கலங்கி வழியில் நின்றார். "சாமி, இவ வாய அடைக்கணும்ங்க. உங்கள முனி இன்னா பண்ணும்? தொட்டியாண்ட போங்க சாமி." பக்தியோடு தோளைப் பிடித்துத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவரே திருகை மூடினார். சாமியார் முடிச்சுப் போட்டார்.

மந்திரம் தொடங்கியது. சவுரியம்மாள் வெற்றிலையை வாயில் போட்டாள். செப்புக் குழாயில் வியர்த்திருந்த ஈரம் காய்ந்தது. புகை மெல்ல மெல்லக் குழாயைத் தாண்டி, தொட்டியின் வாயில் வழிந்து, கீழ்நோக்கிச் சரிந்தது. இனிப்பும் கசப்புமாய் ஒரு வாடை. சாமியார் ஓரடி பின்னால் வைத்தார். மேஸ்திரி மரியாதையாக முன்னால் தள்ளினார். மந்திரம் குழறியது. பாதியில் பாஷை மாறியது.

"தண்ணிய... தண்ணியத் தொறடா பாண்டுரங்கா. ஜல்தி."

சவுரியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள்.

"முனியக் கூப்புடலியே சாமி. கொழாயத்தான கூப்புட்டீங்க."

நான் சாமியாரை இழுத்துக்கொண்டு வெளிக்காற்றுக்கு ஓடினேன். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஏழு முடிச்சையும் ஒரே இழுப்பில் அறுத்துத் திருகைத் திறந்தாள். மதிலுக்குப் பின்னாலிருந்து பெண்கள் கூவினார்கள், தண்ணீர் வந்துவிட்டதென்று. புகை இறங்கியது. ரத்தம் யாரும் கக்கவில்லை. சவுரிராயன் அன்று மாலைவரை கயிறு, எலுமிச்சை எதுவும் இல்லாமல் தொட்டியருகே நின்றான். கால்வலி மட்டும் வந்தது. அது கூலிக்காரனைப் பிடிக்கிற முனி. அதற்குக் கழிப்பு எடுக்க எந்தச் சாமியாரும் வருவதில்லை.

தெளிந்ததும் சாமியாருக்குச் சர்பத் கொடுத்தோம். குடித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "மொத நாளு சத்தத்துக்குத்தாங்க மூடினேன். அப்புறம் தீர்த்தத்துக்குத் தொறந்தப்போ, புகை இறங்கறதப் பாத்தேன். முனிய நான் கொண்டாரலீங்க. அது தானா வந்துது. நான் வளத்தேன், அவ்ளோதான்."

பையைக் கவிழ்த்தார்கள். வாங்கிய பணத்தில் பெரும்பகுதி அதிலேயே இருந்தது. முதலாளி அள்ளி மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கணக்கை மறந்தவர்போல நடந்தார். சவுரியம்மாள் குடத்தை இறக்கி வைத்து எதிரில் நின்றாள். "எங்க பேர்ல எழுதினத அடிச்சிட்டுப் போங்க மொதலாளி."

மறுநாள் காலை வேலைக்கு வந்தேன். குழாய்த் திருகுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். மேஸ்திரி கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். வாசலில் தேங்காயோடு நாலு பேர்.

"கும்புடறதுன்னா கும்புட்டுக்குங்க மேஸ்திரி. மூடிட்டுக் கும்புடாதீங்க" என்றாள் சவுரியம்மாள்.

நாற்பத்தேழு ரூபாய் முப்பது நயா பைசாவை முதலாளி சிவப்பு மையால் அடித்தார். கடன் தீர்ந்தது. மஞ்சள் கயிற்றைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பெரியோர்களே, ஒருமுறையாவது கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள். அடியில் உங்கள் தண்ணீரைத்தான் எவனோ மூடி வைத்திருப்பான்.