பாடை திருப்பும் இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி

'திருப்பி' வாய் திறக்கும்வரை எங்கள் ஊரில் யாரும் முழுதாகச் செத்ததில்லை.

சுடுகாட்டுக்குப் பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் தூக்குவது வழக்கம். போனவருக்கு வீட்டு வழி மறந்துவிட வேண்டும். அங்கே நின்று "திருப்பு!" என்று குரல் கொடுப்பவர்தான் திருப்பி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம்.

ஊரார் சேர்ந்து ஆஸ்பத்திரி கட்டக் கிளம்பியபோது, மேகமலை ரோட்டோரம் மிஞ்சியிருந்த பொது நிலம் அந்த இடம் மட்டும்தான். கட்டினார்கள். யாரும் உள்ளே போகவில்லை. பிரஷர் பார்க்கக் கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாகக் கையை நீட்டினார்கள். இடுப்பில் ஊசி போட வேண்டியவர்கள் பாடு இன்னும் சிரமம்.

வாட்ச்மேன் வேலைக்கும் ஆள் வராததால் திருப்பியையே வைத்தார்கள். அது நிலைமையைச் சீராக்கவில்லை.

"தள்ளுங்க டாக்டரம்மா, ஆள் வாராக" என்பார், வெறும் வராந்தாவில். முதல் வாரம் டாக்டர் சண்டை போட்டார். அடுத்த வாரம் ஸ்டெதாஸ்கோப்போடு ஒதுங்கி நின்றார்.

பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போன நான், "யாருண்ணே?" என்று கேட்டேன்.

"நம்ம பால்காரரு. நான் திருப்பிவிட்ட ஆளுதான். இன்னும் சைக்கிளத் தேடுறாக."

"சைக்கிளத்தான் மகன் வித்துட்டானே?"

"அத அவுககிட்டயே சொல்லு தம்பி. ஒனக்குப் பின்னாலதான நிக்காக."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் ஒரு ஆட்டோ வந்தது. உள்ளே செல்வி, தலைப்பிரசவம். தேனிவரை தாங்காது என்று டாக்டர் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். மாமியார் வாசலில் நின்று கத்தினாள்.

"பாடை எறக்குன எடத்துல எம் மருமகளப் போடுறீகளா? ஏலே, தூக்குங்கடா அவள!"

செல்வி அலறியபடி எழப் பார்த்தாள். குழந்தையின் துடிப்பு குறைவதாக டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

திருப்பி கட்டிலைப் பார்த்தார். "எவன்டா இத இப்பிடிப் போட்டது? தல சுடுகாட்டப் பாத்து இருக்கு!"

பிறகு அந்தக் குரல்: "திருப்பு!"

கேட்டுக்கு வெளியே வேடிக்கை பார்த்த நான்கு பேர், எத்தனையோ பாடை சுமந்தவர்கள், பழக்கதோஷத்தில் ஓடிவந்து ஆளுக்கொரு கட்டில் காலைப் பிடித்தார்கள். கட்டில் செல்வியோடு சுற்றியது.

"ஆத்தா, இப்ப ஊரப் பாத்துப் படுத்திருக்க. இந்த வழியா பிள்ளையக் கூட்டிட்டு வா" என்றார். பிறகு காலியாக இருந்த மூலையைப் பார்த்து, "நீங்கள்லாம் கொஞ்சம் வெளிய இருங்கப்பா. பெரசவம் நடக்குது."

வேப்ப இலைகூட அசையாத வெயில். கதவு தானாகத் திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது. இதை நான் செய்தியில் எழுதவில்லை. மாமியார் வாசலை விட்டு விலகி வழி விட்டாள். செல்வி படுத்துவிட்டாள்.

வெளியே வந்து காத்திருந்தோம். பிறகு பிள்ளை அழுதது. பெண் பிள்ளை.

திருப்பி படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் சிந்தியது. அவர் குடித்து முடிக்கும்வரை தம்ளரை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.