ஏழு பொத்தான் சட்டை

வக்கீல் கிடையாது என்று பெயிண்டர் முடிவு செய்துவிட்டார். ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டுப் போட்ட முதல் மனு தள்ளுபடியாகி வந்த அன்றைக்கே முடிவு செய்தார்.

"வர்ற பணத்துல மூணுல ஒரு பங்கு கேக்குறான். சாரத்துல இருந்து விழுந்தது நானா, அவனாடி?"

"அப்ப ஆபீஸ்ல யாரு பேசுறது?" என்றாள் மனைவி.

"நான் பேசுவேன். எனக்கு வாய் இல்லையா?"

வாய் இருந்தது. விழுந்த இந்த ஒன்றரை வருஷத்தில் முன்போலவே வேலை செய்வது அது ஒன்றுதான். மூன்றாம் மாடிச் சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது பலகை புரண்டது. கழுத்தெலும்பு கூடிவிட்டது. உள்ளே நசுங்கிய நரம்பு கூடவில்லை. பார்த்தால் இரண்டு கையும் அப்படியே இருக்கும். விரல்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. டம்ளரைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதே தரையில் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். ஒருநாள் அந்தச் சத்தம் மகளின் காலடியில் கேட்டது. கொதிக்கும் டீ. நாலு வயசுக் குழந்தை. நல்லவேளை, செருப்பு போட்டிருந்தாள்.

அன்றோடு மனைவி பிஸ்கட் கம்பெனி வேலையை விட்டாள். ரெண்டு பேரைப் பாத்துக்க வீட்டுல ஒரு ஆள் வேணும் என்றாள். அந்த ரெண்டு பேர் யார் என்று பெயிண்டர் கேட்கவில்லை.

பெரிய ஏணியை விற்றாயிற்று. சின்ன ஏணியையும் விற்றாயிற்று. இனி ஏறுவதற்கு மிச்சம் இருப்பது அரசாங்க ஆபீஸ் படிக்கட்டுதான். இந்த இரண்டாவது மனுவையும் தள்ளிவிட்டால் ஒரு வருஷம் கழித்துத்தான் அடுத்தது போட முடியும் என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தது. ஒரு வருஷத்துக்கு விற்க வீட்டில் ஏணி இல்லை.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அஞ்சாவது வரை படித்தவள். அவளுடைய எழுத்துகள் கோட்டுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு உட்காரும்.

"தானாக உணவு உண்ண முடியுமா?" என்று படித்தாள்.

"முடியும்."

"நேத்து ஊட்டிவிட்டது யாரு?"

"அது நீ பாசத்துல ஊட்டுன."

"தானாக உடை அணிய முடியுமா?"

"முடியும்."

"சட்டைப் பொத்தான்?"

"பாசம்."

"பேன்ட்டு கொக்கி?"

பெயிண்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதுவும்தான்."

"பாசத்துக்கெல்லாம் அரசாங்கம் பணம் தராதுங்க. போன தடவையும் எல்லாத்துக்கும் முடியும், முடியும்னு எழுத வெச்சீங்க. எல்லாம் முடியும்னா பணம் எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"இந்தா பாரு. பெயிண்ட் அடிக்கிற வேலை போச்சு. அதைச் சொல்றேன். அதுக்காக, பொண்டாட்டிதான் சட்டை மாட்டிவிடறான்னு ஊரே படிக்கிற மாதிரி எழுதணுமா? எழுதுடி, முடியும்னு."

எழுதினாள். மறுபேச்சு இல்லாமல் எழுதினாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவள் மறுபேச்சு பேசாத முதல் நாள் அது. பெயிண்டர் அப்போதே பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

டாக்டர் நேரில் பார்த்து முடிவு சொல்லும் நாள் வந்தது. பத்து மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். எட்டு மணிக்குப் பெயிண்டர் வழக்கம்போல் மனைவி முன்னால் போய்க் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னடி, நேரமாச்சு."

"நேத்து அப்படிச் சொல்லிட்டு, இப்ப மட்டும் நான் வேணுமா?"

"எப்படிச் சொன்னேன்?"

"அதுகூட ஞாபகம் இல்லைல்ல? இருக்கட்டும்."

பெயிண்டர் யோசித்தார். சொன்னது நிறைய இருந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றதற்கு மன்னிப்புக் கேட்டார். அது இல்லை. அவள் தம்பியைச் சோம்பேறி என்றதற்குக் கேட்டார். அதுவும் இல்லை. அத்தைக்குப் போன் போடாததற்கும் சேர்த்துக் கேட்டுவைத்தார்.

"ஓ, இதெல்லாம் வேற இருக்கா?" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

பொத்தான் இல்லாத பனியன்களும் நாடா வைத்த பேன்ட்டும் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. கொடியில் தொங்கியது கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. ஏழு பொத்தான். பக்கத்தில் கொக்கி வைத்த பேன்ட்டு.

முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். பல்லால் கடித்து இழுத்தார். மூன்றாவது பொத்தான் எப்படியோ ஐந்தாவது ஓட்டைக்குள் போய் மாட்டிக்கொண்டு, வெளியே வர மறுத்தது. மகள் வந்து நின்று பார்த்தாள்.

"அப்பா, என் கவுனுக்கு நானே போட்டுக்கிட்டேன். உங்களுக்குப் போடட்டா?"

"நீ இங்க வா!" உள்ளேயிருந்து மனைவி மகளை அழைத்தாள். குரல் ஒரு மாதிரி உடைந்திருந்தது. கோபம் என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் குழந்தையோடு பத்தடி முன்னால் நடந்தாள். இவர் ஃபைலை இரண்டு முழங்கையாலும் வயிற்றோடு அமுக்கிக்கொண்டு பின்னால் போனார். சட்டையையும் பேன்ட்டையும் மானத்தையும் அந்த ஃபைல்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

ஆபீஸில் டாக்டரம்மா மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சட்டை நீங்களே போட்டுப்பீங்க. பொத்தானும் போட்டுப்பீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க மேடம்."

"ஃபைலைக் குடுங்க."

வேறு வழியில்லை. கொடுத்தார். சட்டை ஜன்னல் மாதிரி திறந்துகொண்டது. பேன்ட்டு கீழே கிளம்பியது. மணிக்கட்டால் இடுப்போடு அழுத்திப் பிடித்தார்.

"வீட்ல சின்ன சண்டை மேடம். இன்னைக்கு அவ பேசல."

"அவங்க பேசலன்னா உங்க பொத்தான் ஏன் மாட்டல?"

ஒன்றரை வருஷமாக ஓடிக்கொண்டிருந்த வாயும் அந்த இடத்தில் நின்றுபோனது.

"உக்காந்து போடுங்க. அவசரமில்ல."

உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். நூல் பிடிக்காமல் மூன்று மாடி உயரத்துக்கு நேர்க்கோடு இழுத்த விரல்கள். பொத்தான் அகப்பட்டிருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியவில்லை. குனிந்து கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பார்த்தால், பொத்தான் அங்கே இல்லை. விரல்கள் வெறும் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தன. டாக்டரம்மா உதவவும் இல்லை, வேறு பக்கம் திரும்பவும் இல்லை. நெற்றி வியர்வை மனுவின் மேல் சொட்டியது.

"முடியல மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை.

"சாப்பிடறது?"

"முடியல."

"டம்ளர் பிடிக்கிறது?"

"முடியல. குழந்தை கால்ல ஒரு நாள்..."

டாக்டரம்மா ஒவ்வொரு "முடியும்" மேலும் கோடு போட்டு, பக்கத்தில் "முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாசத்துல இருந்து வரும். கூட யாரு வந்திருக்காங்க?"

"பேசாத பொண்டாட்டி மேடம்."

"பேசுவாங்க. போங்க."

வராந்தாவில் அவள் எழுந்து நின்றாள். முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கிடைச்சிருச்சு" என்றார்.

அவள் தப்பு ஓட்டையில் இருந்த பொத்தானை விடுவித்துவிட்டு மேலேயிருந்து வரிசையாகப் போட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"சரி, இப்பவாவது சொல்லு. நேத்து நான் என்னதான்டி சொன்னேன்?"

"நேத்தா?" ஏழாவதைப் போட்டாள். "ஒண்ணும் சொல்லலியே."

பெயிண்டருக்கு வாளி ஞாபகம் வந்தது. பனியன்கள் ஞாபகம் வந்தன. கேட்ட மூன்று மன்னிப்பும் ஞாபகம் வந்தன. காது வரைக்கும் சூடாகிவிட்டது. அவளைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

கொக்கி இன்னும் மாட்டவில்லை. நின்றார்.