தோழர் தணிகாசலத்தின் அமைதிச் சாறு

ஒரு காட்டில் எதற்கும் உடன்படாத தவளை ஒருவர் வாழ்ந்தார். பெயர் தோழர் தணிகாசலம். குளம் வற்றினாலும் மறியல் செய்வார், நிரம்பினாலும் மறியல் செய்வார்.

அந்தக் காட்டு ராஜாவான சிங்கத்துக்குப் போராட்டம் என்றாலே ஆகாது. யார் நெஞ்சில் கலகம் இருக்கிறது என்று அளந்து பார்க்க ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார். டாக்டர் கொக்கு அதன் தலைவர். வரிசையில் வருகிறவரின் இதயத்தைக் கழற்றி உப்புநீர்க் கிண்ணத்தில் போடுவார். அது தன்பாட்டுக்குத் துடிக்கும். நரம்பை மின்கம்பியால் தொட்டால் நீரில் ஒரு சாறு கசியும். அந்த நீரை ஓர் ஆமையின் இதயத்தின் மேல் ஊற்றுவார். அது வேகமெடுத்தால் ஆவேசச் சாறு. மந்தமானால் அமைதிச் சாறு. அமைதி என்றால் இதயம் திரும்பக் கிடைக்கும். ஆவேசம் என்றால் பறிமுதல்.

தவளைகள் இதயம் இல்லாமலும் சற்று நேரம் தாங்கும். தலைவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தாங்குவார்கள். தன் முறை வந்தபோது தணிகாசலம் நெஞ்சு காலியாக, தலை நிமிர்ந்து நின்றார். ஆவேசம் பொங்கி ஆமை இதயம் வெடிக்கும் என்று எதிர்பார்த்தார். அதுவோ கிட்டத்தட்டத் தூங்கிவிட்டது.

"சுத்தமான அமைதிச் சாறு, தோழர். மான்களிடம்கூட இதில் பாதிதான் இருக்கும்" என்றார் கொக்கு.

வரிசையில் நின்ற முயல் ஒன்று பக்கத்து முயலிடம், "இவர் கூட்டத்துல நமக்குத் தூக்கம் வர்றது இதனாலதானா?" என்றது.

அது தணிகாசலத்தின் காதில் விழுந்தது. உடனே தரையில் உட்கார்ந்துவிட்டார். அளந்த கருவி ஆளும் வர்க்கத்தின் கருவி என்றார். ஆமை விலைபோன ஆமை என்றார். முடிவை ஆவேசம் என்று மாற்றும்வரை எழமாட்டேன் என்று கோஷம் போட்டார்.

அவர் மனைவி அஞ்சலை குனிந்து, "குடுக்கிறத வாங்கி மாட்டிக்கிட்டு வாங்க. வீட்ல போய்க் கோபப்பட்டுக்கலாம்" என்றாள்.

"சமரசம் பேச வேற ஆளப் பாரு."

கொக்குக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியது. கிண்ணத்தைப் பார்த்தார். தணிகாசலத்தைப் பார்த்தார்.

"சரி, தோழர். கோரிக்கையை ஏற்கிறேன். ஆவேசமேதான்" என்று சொல்லி, இதயத்தைத் தன் டிபன் டப்பாவில் போட்டு மூடினார்.

தணிகாசலம் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார். தொண்டர்கள் மாலை போட்டார்கள். "பாத்தியா, அஞ்சலை" என்றார். மேலே பேச நெஞ்சில் ஒன்றும் இல்லாமல், மாலையோடு சாய்ந்து உயிரை விட்டார்.

கோரிக்கை முழுமையாக நிறைவேறி அவர் வென்ற ஒரே போராட்டம் அதுதான். அஞ்சலைக்கு மாலையை மாற்றும் வேலைகூட இருக்கவில்லை.

நீதி: எதிரியின் சாப்பாட்டு நேரத்தில் கோரிக்கை வைக்காதே. உடனே ஏற்றுக்கொண்டுவிடுவான்.