கோட்டுப் போட்ட தண்ணீர் கேன்

கர்னல் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் எங்கள் ஊரே விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. மேற்கு வர்ஜீனியாவில் ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் பொருட்காட்சித் திடலில் நடந்த துப்பாக்கிச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. வாசலில் பெப்பரோனி ரோல் என்கிற இறைச்சி வைத்த ரொட்டி விற்றுக்கொண்டிருந்த என்னை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கர்னலின் பெயர் ராய்ஸ் டாக்கெட். எந்தப் படையில் கர்னல் என்று கேட்டால், அதைச் சொல்ல அனுமதி இல்லை என்பார். உடனே கூட்டத்துக்கு மரியாதை இன்னும் ஒரு படி ஏறும். சொல்ல அனுமதி இல்லாத விஷயம் பொய்யாக இருக்குமா என்ன?

அவர் விற்றது ‘பிரீச்சர்’, அதாவது பிரசங்கியார், என்ற பழைய தோட்டா. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். சரக்கு நன்றாக இல்லாததால் மூடியிருப்பார்களோ என்று யாருக்கும் தோன்றவில்லை. சக்தி அதிகமாகிப்போய் அரசாங்கமே பயந்து நிறுத்திவிட்டது என்றார் கர்னல். எங்கள் ஊரில் அரசாங்கம் பயந்தது என்று சொன்னால் போதும், குதிரைச் சாணியைக்கூட வாங்கிப் பூட்டி வைப்பார்கள்.

அந்தத் தோட்டாவால் சுடப்பட்டவன் மூன்று கஜம் பின்னால் பறந்து விழுந்தானாம். எங்கே, எப்போது? டல்சாவில் என்றார் ஒருவர், மெம்பிஸில் என்றார் இன்னொருவர். நேரில் பார்த்தவர் யாருமில்லை. பார்த்தவரின் மச்சானோடு பேசியவர்கள் மட்டும் வரிசையில் பாதிப்பேர்.

அந்த வரிசையில் மார்லா ஸ்டிட்டமும் நின்றாள். கோழித் தீவனக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அவளுடைய முன்னாள் புருஷன் ட்வெயின் ஜெயிலில் இருந்தான். குளிர்காலத்தில் வெளியே வருவான். வந்ததும் முதல் வேலையாக உன் கதவைத்தான் உடைப்பேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பியிருந்தான். அவள் இருப்பது அட்டை மாதிரிச் சுவர் வைத்த டிரெய்லர் வீட்டில். வாசலுக்கு நேரே ஒரு சுவர், அந்தச் சுவருக்குப் பின்னால் மகள் ஜோசியின் கட்டில். நல்ல இரும்புக் கதவு போடச் சேர்த்த பணம் கையில் இருந்தது.

கர்னல் அவளுக்கென்று குரலைத் தணித்துக்கொண்டார்.

“கதவெல்லாம் எதுக்கு கண்ணு? ஒரே பிரசங்கம், ஆள் எழுந்திருக்கவே மாட்டான். குண்டு அவன் உடம்புக்குள்ளயே நின்னுடும். சுவத்துல ஒரு கீறல் விழாது.”

“நிச்சயமா?”

“முப்பது வருஷமா என் உயிருக்கு இதத்தான் நம்பி இடுப்புல வச்சிருக்கேன்.”

சந்தேகம் இருந்தால் மதியம் பழைய கல்குவாரியில் சுட்டுக் காட்டும்போது வந்து பார்க்கட்டும் என்றார். மார்லா வாங்கவில்லை, வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மதியம் குவாரியில் திருவிழா. முதலில் ஒரு தர்பூசணி. டமால் என்று வெடித்து முன்வரிசையில் நின்ற சர்ச் பாடகர் குழுவே சிவப்பாகிவிட்டது. ஆமென் என்றார்கள். தர்பூசணியை மாடியிலிருந்து போட்டாலும் அப்படித்தான் வெடிக்கும், அதற்கு யாரும் ஆமென் சொல்வதில்லை. அடுத்தது விஞ்ஞானமாம். பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துச் சுட்டார். குண்டு மூன்றாவது கேனிலேயே நின்றுவிட்டது. அதை எடுத்துக் காட்டினார். குண்டின் மூக்கில் இருந்த குழி வழியே தண்ணீர் புகுந்து, பூ மாதிரி விரிந்திருந்தது. விரிந்தால் நிற்கும், அதுதான் அதன் மகிமை. கைக்குக் கை மாறிய அந்த ஈயப்பூவை ஒரு பெரியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் மார்லாவின் வண்டி வந்து நின்றது. ஒரு கனத்த கித்தான் கோட்டு, ஓர் உடைந்த பலகை, ஒரு தலையணை. மூன்றையும் இறக்கினாள். ஆகஸ்டில் கோட்டா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

“ட்வெயின் விட்டுட்டுப் போன கோட்டு. ஜனவரில வர்றவன் இத மாட்டிக்கிட்டுத்தான் வருவான். அம்மணமா வரமாட்டான், தர்பூசணி மாதிரியும் வரமாட்டான்” என்றாள். “பலகை என் வீட்டுச் சுவர். போன தடவை அவன் ஒதச்சு ஒடச்சது. தலகாணி என் பொண்ணோடது. சுடுங்க கர்னல்.”

தண்ணீர் நிரப்பிய கேன்களை மறுபடி வரிசையாக வைத்தார்கள். கோட்டை முதல் கேன்மேல் போர்த்தினாள். வரிசையின் கடைசியில் பலகையை நிறுத்தினாள், அதன் பின்னால் தலையணையை வைத்தாள். இத்தனை பேர் முன்னால் முடியாது என்று கர்னலால் சொல்ல முடியவில்லை. சுட்டார்.

கேன்கள் வரிசையாகத் துள்ளி விழுந்தன. பலகையில் சின்னதாக ஓர் ஓட்டை. தலையணையிலிருந்து பஞ்சு பறந்து எங்கள் தலைமேல் மெதுவாக இறங்கியது. யாரும் ஆமென் சொல்லவில்லை. பின்னால் மண்மேட்டில் தோண்டிக் குண்டை எடுத்தார்கள். மூக்குக் குழியில் கோட்டுத் துணி கெட்டியாக அடைத்திருந்தது. கொஞ்சம்கூட விரியவில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும் மொட்டைக் குண்டு மாதிரி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. மார்லா தலையணையை எடுத்து ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அது ஈரம்பட்ட தோட்டா, ஒன்றிரண்டு அப்படி இருக்கும் என்றார் கர்னல். சிலர் அவசரமாகத் தலையாட்டினார்கள். ஏற்கெனவே பெட்டி பெட்டியாக வாங்கியவர்கள்.

“அப்ப உங்க இடுப்புல இருக்கறத வச்சுச் சுடுங்க” என்றாள் மார்லா. “அது ஈரம் படாததுதானே? முப்பது வருஷமா உங்க உயிரக் காப்பாத்தறது.”

கர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்றார். சர்ச் பாடகர் குழுவில், சட்டையில் தர்பூசணிச் சாறு இன்னும் காயாத ஒருவர், வழியில் வந்து நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் கர்னல் இடுப்புத் துப்பாக்கியை உருவி, தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றினார். மார்லா அதிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

பிரீச்சர் இல்லை. இப்போது வருகிற புதுச்சரக்கு. நெடுஞ்சாலைக் கடையில் எல்லோருக்கும் கிடைப்பது. துணி அடைத்தாலும் விரிகிற மாதிரி இப்போது செய்கிறார்களே, அது.

“ஊருக்குப் பிரசங்கம், உங்களுக்கு மட்டும் இதுவா?” என்றாள் அவள். அதற்கும் பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை போலிருக்கிறது.

மார்லா அந்த வாரமே இரும்புக் கதவு போட்டாள். ஜோசியின் கட்டிலை வேறு சுவருக்கு மாற்றினாள். டாக்கெட் அடுத்த மாவட்டத்தில் இப்போது ஜெனரலாம். இங்கே சிலர் இன்னமும் பிரீச்சரைப் பூட்டி வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கோட்டில்தான் ஏதோ கோளாறு என்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் யாராவது வந்து எதையாவது வெடித்துக் காட்டுவார். தாராளமாகக் கை தட்டுங்கள். காசை எடுப்பதற்கு முன்னால் மட்டும், அந்தக் கேனுக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டு இன்னொரு முறை சுடச் சொல்லுங்கள்.