பாதரசச் சாமியும் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும்

கீழ் கோத்தகிரிக்குப் போகும் ஜீப்பில் அன்று தொங்கக்கூட இடமில்லை. எல்லாரும் ரசசித்தரைப் பார்க்கப் போகிறவர்கள். டாக்டர் கைவிட்டவர்கள் பாதி, டாக்டரைக் கைவிட்டவர்கள் மீதி.

வைத்தியம் எளிது. கண்ணாடிச் சட்டியின் அடியில் பளபளவென்று பாதரசம், மேலே தீர்த்தம். பக்தர் அதில் கை கழுவ வேண்டும். தீர்த்தம் நீலமானால் அதுதான் உடம்பைவிட்டு இறங்கிய நோய். பிறகு பாதரசத்துக்குள் ஒரு ஒயர், தீர்த்தத்துக்குள் ஒரு ஒயர், காவித்துணிக்கு அடியில் ஜீப் பேட்டரி. அரை மணி நேர மந்திரத்தில் நீலம் மறைந்துவிடும். தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மாத்திரைகளை வீசிவிடலாம்.

தேயிலைக்குச் செம்பு கலந்த பூச்சண மருந்து அடிப்பவர்களுக்குத்தான் நீலம் அதிகம் இறங்கியது. எஸ்டேட் மேனேஜர் கை வைத்தபோது ஒரு துளி நீலமில்லை. "புண்ணியவானுங்க!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மருந்து கேனை அவர் தொட்டதே இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வந்தவர் மருந்தடிக்கும் சுடலைமுத்து. காலில் ஆறாத சர்க்கரைப் புண். சித்தர் உத்தரவுப்படி நாலு நாளாக இன்சுலின் போடவில்லை. மனைவி ராக்கம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கெஸியா, குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்ப்பவள்.

தீர்த்தம் நீலமானது. கெஸியா முன்னால் வந்தாள்.

"ஏனுங்க சாமி, ரசம் எல்லாத்தையும் இழுத்துருமுங்களா?"

"சகலத்தையும்!"

"அப்ப இதையும் இழுக்கச் சொல்லுங்க." பையிலிருந்து திருஷ்டிக்குக் கட்டும் படிகாரத்தை எடுத்துப் பொடித்துச் சட்டியில் கரைத்தாள். கூட்டத்துக்கு முன்னால் சித்தரால் மறுக்க முடியவில்லை.

அரை மணி நேரத்தில் நீலம் போனது. சுடலைமுத்து டம்ளரில் மொண்டு வாய்க்குக் கொண்டுபோனார். கெஸியா அதைப் பிடுங்கி, பையிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டாள். நுரைத்தது. இன்னொரு சிட்டிகை. திரிந்த பால்போல வெள்ளையாகக் கட்டி தட்டியது.

"இந்த வெள்ளை நான் கரைச்ச படிகாரத்துல இருந்து வந்ததுங்கண்ணா, அது அப்படியேதான் இருக்குது. மருந்தடிச்சு உங்க கையில ஒட்டி, தண்ணிய நீலமாக்குன செம்பு மட்டும்தான் கரண்டு பாஞ்சதும் பாதரசத்துக்குள்ள போயிருக்குது. பாதரசம் சிலதை வாங்கும், சிலதை வாங்காது. லேப்புல உலோகத்தைப் பிரிக்கறதே இப்படித்தானுங்க. இதுல சர்க்கரை எங்க வந்துச்சு?"

டம்ளரைச் சித்தரிடம் நீட்டினாள். "சுத்தமான தண்ணின்னா நீங்க ஒரு மடக்குக் குடிங்க சாமி."

"இன்னைக்கு எனக்கு விரதம்" என்றார் சித்தர்.

விரதக்காரர் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். கூட்டம் மறித்தது. முன்பு கவரிங் நகைக்கு முலாம் பூசிக்கொண்டிருந்தவர் என்ற வரலாறு அவர் வாயாலேயே வந்தது.

சுடலைமுத்து தலைகுனிந்து கையை நீட்டினார். "ஊசியப் போடு புள்ள. உங்கிட்டக் கேட்டிருக்கோணும்." ராக்கம்மா அப்போதும் அழுதாள்.

அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கெஸியா ஜீப் தேடினாள். நாலு பேர் பயபக்தியோடு அவளைச் சூழ்ந்தார்கள்.

"அம்மிணி, அந்தச் சோடா மாவு ஒரு பொட்டலம் குடுங்க. ஊட்டு வாசல்ல கட்டோணும்."

"வாசல்ல கட்டாதீங்க, ஆப்பத்துல போடுங்க. கழுத்துக்கு மேல ஒண்ணு சும்மா கெடக்குதே, அதுக்கு மொதல்ல வேலை குடுங்க" என்றாள் கெஸியா.