பூதக்கண்ணாடி அக்காவும் நான் உரித்த ஸ்டிக்கர்களும்

காரைக்குடி வட்டாரத்திலேயே எதையும் முதல் பார்வையில் நம்பாத ஒரே மனுஷி பூதக்கண்ணாடி அக்காதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பயன்படுத்தியதில்லை.

பம்புசெட்டைத் தானாக ஓட்டி நிறுத்துகிற பெட்டிகளைத் தயாரிக்கும் சின்னத் தொழிற்கூடம் எங்களுடையது. நான் அங்கே சூப்பர்வைசர். டிப்ளமோ படித்த தலைக்கனம் வேறு. அக்கா மானகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். சர்க்யூட் போர்டில் சோல்டரிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்ற மாட்டார்.

சோல்டரிங் கோளாறுகளுக்கு நாங்கள் இங்கிலீஷில் பெயர் சொல்வோம். அக்கா பலகாரத்தில் சொல்வார். போர்டில் செருகிய பாகங்களின் கம்பிக் கால்கள் இரண்டு ஈயத்தால் ஒட்டிக்கொண்டால் இடியாப்பம். ஈயம் காலில் ஏறாமல் உருண்டையாக உட்கார்ந்தால் சீயம். "சார், இதுல ஒரு இடியாப்பம், ரெண்டு சீயம்" என்று அவர் கத்த, வாசலில் நின்ற கூரியர்காரர், "எனக்கும் ரெண்டு சொல்லுங்க" என்றார்.

ஒரு கல்யாணத்தில் மணமேடை ஏறி, பெண்ணின் நெக்லஸைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கொக்கிகிட்ட பத்தவச்சது சரியில்லத்தா, பத்திரம்" என்றார். பெண்ணின் அம்மா முறைத்தார். பந்தியில் நெக்லஸ் பாயசத்தில் விழுந்த பிறகு முறைக்கவில்லை.

அந்தக் கோடையில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. போர்டை உருகிய ஈயத் தொட்டியில் நாலு விநாடி முக்கி எடுக்க வேண்டும். அவசரத்தில் நான் அதை இரண்டாக்கினேன். மறுநாள் அக்கா போர்டு அடுக்கு முழுவதும், தேறாததற்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தார்.

"ரிலே கால்ல ஈயம் ஏறவே இல்ல சார். சூடு பத்தல." மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுவிட்சுதான் ரிலே.

"பளபளன்னுதானக்கா இருக்கு? லாரி வந்து நிக்கிது."

"சீயமுந்தான் எண்ணெயில பளபளன்னு இருக்கும். நீங்களே பாருங்க."

நான் பார்க்கவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்து, பிசினைத் துணியால் துடைத்து, லாரியில் ஏற்றி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் ஒக்கூர் விவசாயி ஒருவர் பெட்டியைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார். "காலையில ஓடுது, மத்தியானம் நின்னுருது, சாயந்தரம் மறுபடி ஓடுது. ஏய்யா, இது மோட்டாருக்கு மாட்டுற பெட்டியா, சாப்பாட்டுக்குப் போயிட்டு வர்ற ஆபீசரா? வெண்டைக்காயெல்லாம் வாடிப்போச்சு!"

அவரைத் தொடர்ந்து பலர் போன் செய்தார்கள். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"போர்டைப் பாத்தது யாரு?"

"நாந்தான். எல்லாத்துலயும் ஸ்டிக்கர் ஒட்டுனேன்" என்றார் அக்கா.

"எங்க ஸ்டிக்கர்? ஒண்ணக்கூடக் காணோம்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்து, "அவுக கவனிக்காம விட்டிருப்பாக சார்" என்றேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அவரைப் பேக்கிங் வேலைக்கு மாற்றினார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஒக்கூர்க்காரரின் போர்டோடும் தலை காயவைக்கும் டிரையரோடும் அக்கா முதலாளி மேஜைக்குப் போனார். போர்டுக்குக் கரண்ட் கொடுத்தார், விளக்கு எரிந்தது. டிரையரால் சூடுகாட்டினார், அணைந்தது. ஐஸ்க்ரீம் மரக்குச்சியால் ரிலே காலை அமுக்கினார், மறுபடி எரிந்தது.

"காலைச் சுத்தி விரிசல் விட்டுருக்கு சார். சூடானா விலகுது, ஆறுனா ஒட்டுது. தொட்டியில முக்குன நேரம் பத்தல."

"நேரத்தைக் குறைச்சது யாரு?"

"அத நான் பாக்கல சார். பாக்காததச் சொல்லமாட்டேன்."

அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சொல்லாததால் நானே மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "நான்தான் சார் குறைச்சேன். ஸ்டிக்கரையும் நான்தான் உரிச்சேன்" என்றேன். முதலாளி திட்டியதை இங்கே அச்சிட முடியாது.

அக்கா பழைய மேஜைக்குத் திரும்பினார். திரும்பி வந்த போர்டுகளுக்கெல்லாம் நானே உட்கார்ந்து கையால் சோல்டர் வைத்தேன். அக்கா பார்த்தார். முதல் நாள் நான் வைத்ததில் பாதி சீயம்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன், தலை நிமிராமல்.

"ஸ்டிக்கர உரிச்சது போகட்டும் சார். நாலு பேரு முன்னாடி, கவனிக்காம விட்டிருப்பாகன்னு சொன்னீகளே, அன்னைக்கி ராத்திரி நான் சாப்பிடல." சொல்லிவிட்டுத் தன் தூக்குச்சட்டியைத் திறந்தார். "புளிச்சோறு இருக்கு. கையக் கழுவிட்டு வாங்க, ஈயம் ஒட்டியிருக்கும்."

கையைக் கழுவிவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம், வீட்டில் அம்மா காத்திருப்பார் என்று தெரிந்தும், முதலில் அக்காவைப் பார்க்க மானகிரியில் இறங்கிவிடுகிறேன்.